தோளுக்கு மேல் உயராத கை

இருசக்கர வாகன விபத்தில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கற்றை சேதமானவர்கள் எங்கள் பிரிவுக்கு அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தோள் எத்தனை டிகிரி உயர்கிறது, விரல் மடங்குகிறதா, சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறதா என்று பார்ப்பது என் வேலை. இவர்களில் சிலருக்கு, அதே விபத்தில் பின்னால் உட்கார்ந்து வந்த நண்பனோ தம்பியோ இறந்திருப்பான். எங்கள் சிகிச்சைக் கோப்பில் அதற்கென்று இடம் கிடையாது. வீட்டாரும் எங்களைத் தனியே அழைத்து, "அந்தப் பேச்ச மட்டும் எடுத்துடாதீங்க மேடம், இப்பத்தான் மறந்துட்டு இருக்கான்" என்பார்கள்.

மறந்திருக்க மாட்டான். இதை வீட்டாருக்குப் புரியவைக்க நான் அதிகம் துணைக்கு அழைப்பது ஹொரேஸ் பிப்பின் என்ற ஓவியரைத்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வெஸ்ட் செஸ்டர் என்ற ஊரில் 1888-இல் பிறந்த கறுப்பினத்தவர் பிப்பின். ஓவியம் வரையத் தானாகவே கற்றுக்கொண்டவர். ஓட்டலில் சுமை தூக்கினார், இரும்பு வார்ப்பு வேலை செய்தார். முதல் உலகப் போரில், பிரெஞ்சுப் படையின் கீழ் போரிட அனுப்பப்பட்ட 369-ஆவது காலாட்படைப் பிரிவில் இருந்தார். 1918-இல், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது வலது தோளில் குண்டு பாய்ந்து ஒரு பள்ளத்தில் விழுந்து கிடந்தார். அவரை எட்டிப் பார்த்த பிரெஞ்சு வீரர் ஒருவர், அந்த நொடியிலேயே தலையில் சுடப்பட்டு இவர் மேலேயே சரிந்தார். உடலைத் தள்ளிவிடக்கூட இவருக்குத் தெம்பில்லை. இறந்தவரிடம் இருந்த தண்ணீரையும் ரொட்டியையும் இடது கையால் எடுத்துக்கொண்டதைப் பிப்பின் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். செத்தவனின் ரொட்டியைத் தின்று பிழைத்த ஒருவன் ஊர் திரும்பிய பிறகு அதை யாரிடம் சொல்வான்?

ஊர் திரும்பியபோது வலது கை தோளுக்கு மேல் உயரவில்லை. திருமணம் செய்துகொண்டார். ஊனமுற்ற வீரருக்கான ஓய்வூதியம் வந்தது. மனைவி சலவைக்குத் துணி எடுத்தார், இவர் வெளுத்த துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் மரப்பலகையில் சுட்டுச்சுட்டுப் படம் போடத் தொடங்கினார். கம்பியைப் பிடித்த வலது கையை முழங்கால் மேல் அசையாமல் வைத்துக்கொள்வார். பலகையை இடது கையால் நகர்த்துவார். என் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கையின் பாரத்தைத் தாங்க முட்டுக் கொடுப்பது, நல்ல கையை நகர்த்தும் கையாக மாற்றுவது, செய்வதற்கு அர்த்தமுள்ள ஒரு வேலையைத் தேர்வது என்று நாங்கள் பாடமாகப் படித்ததை அவர் தன் வீட்டிலேயே கண்டுபிடித்துக்கொண்டார். பிறகு தூரிகைக்கு மாறியபோது, இடது கை வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டது.

முதல் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. 'போரின் முடிவு: வீடு நோக்கி' என்பது அதன் பெயர். இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரில் வீடு இருக்கிறதே ஒழிய படத்தில் யாரும் வீடு போகவில்லை. மண் நிறமான இருட்டு, முள்வேலி, எரிந்து விழும் விமானங்கள், கைதூக்கிச் சரணடையும் வீரர்கள். வண்ணத்தின் மேல் வண்ணமாக அப்பியதில் படம் தடித்துப்போயிருக்கிறது. படத்தின் மரச்சட்டத்தில் துப்பாக்கி, கையெறி குண்டு, தலைக்கவசம், பீரங்கி வண்டி எல்லாம் செதுக்கிப் பதித்திருக்கிறார். 1930-இல் தொடங்கிய படம் இது. குண்டு பாய்ந்து அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 'இன்னுமா அதையே நெனச்சிட்டிருக்கே' என்று ஆறாம் மாதமே கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

மரணத்தைப் பற்றி அவர் வரைந்தவற்றில் என்னை அதிகம் பாதிப்பது 'புனித மலை' வரிசை. விவிலியத்தில் ஏசாயா தீர்க்கதரிசி சொல்லும் அமைதி உலகம் அது. சிங்கமும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பூக்கள் நிறைந்த வெளியில் ஒன்றாக இருக்கின்றன, நடுவே வெள்ளை அங்கியில் மேய்ப்பர், குழந்தைகள். முதலில் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். பின்னால் இருக்கும் அடர்ந்த காட்டுக்குள் பார்வையைச் செலுத்தினால் மரங்களுக்கிடையில் நிழல்போல வீரர்கள், சின்னச் சின்னச் சிலுவைகள், தூக்கில் தொங்கும் ஒரு மனிதர். படங்களின் மேல் தேதி உண்டு. முதல் படத்தில் 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய நாள். மூன்றாவதில் 1945 ஆகஸ்ட் 9, நாகசாகியில் அணுகுண்டு விழுந்த நாள்.

அந்தச் சிலுவைகள் போரில் மாண்டவர்களையும், அமெரிக்கத் தென் மாநிலங்களில் அன்று கறுப்பினத்தவருக்கு நடந்துகொண்டிருந்த கொடுமையையும் நினைவூட்டுபவை என்று பிப்பினே விளக்கியிருக்கிறார். அவர் சாவைப் படத்திலிருந்து துரத்தவில்லை. காட்டுக்குள் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, முன்னால் குழந்தைகளை உட்காரவைத்தார். துன்பத்தையும் மறக்க முடியாது, அங்கே பார்த்த சூரிய அஸ்தமனத்தையும் மறக்க முடியாது, எல்லாவற்றையும் மனத்தில் சுமந்து வந்தேன், அதிலிருந்துதான் வரைகிறேன் என்கிற பொருளில் எழுதியவர் அவர். நான்காவது 'புனித மலை' முடியாமல் இருக்கும்போதே, 1946 ஜூலையில் இறந்தார்.

பிப்பினைக் காட்டி எல்லாரையும் வரையச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஒருவருக்குப் பெயின்ட், இன்னொருவருக்குக் கூடை முடைதல், வேறொருவருக்கு நண்பனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறப்பதை எங்கள் அறையில் பார்த்திருக்கிறேன். அப்போது குறுக்கே பேசாமல், ஆறுதல் என்ற பெயரில் பேச்சை மாற்றாமல் இருந்தால் போதும். விபத்து நடந்த கையோடு எல்லாவற்றையும் சொல்லவைக்க முயல்வது நல்லதல்ல. ஒருவர் கறுப்பாக எதையாவது வரைந்துவிட்டால் அதற்கு நாமாகப் பொருள் கட்டுவதும் தவறு. "இது என்னப்பா?" என்று அவரிடமே கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் கெடுவது, விபத்துக் காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருவது, அந்தச் சாலையையோ வண்டிச் சத்தத்தையோ தாங்க முடியாமல் போவது, 'அவனுக்குப் பதிலா நான் போயிருக்கணும்' என்று சொல்லிக்கொண்டே இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'நான் போயிருக்கணும்' என்ற அந்தப் பேச்சு, சாக வேண்டும் என்ற எண்ணமாகத் திரும்பினால் அன்றைக்கே போக வேண்டும், அவரைத் தனியே விடக்கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். வீட்டார் கூப்பிட்டும் ஆலோசனை கேட்கலாம்.