கத்திரிக்காய் மேல் பழி

"ராத்திரி கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டார்கள் டாக்டர், அதுதான்" என்றார் மருமகள். அப்பத்தாவுக்கு 72 வயது. கீழுதடு பருத்துத் தொங்கியது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஒரு மாதத்தில் இது மூன்றாவது முறையாம். முதல் முறை பழி கருவாட்டின் மேல் விழுந்தது, அடுத்த முறை முந்திரிப்பருப்பின் மேல். இரண்டு முறையும் வேறு இடத்தில் ஒவ்வாமைக்கான அவில் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் வீக்கம் வடிந்ததால் ஊசி கேட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

உடம்பில் ஒரு தடிப்பு இல்லை, அரிப்பும் இல்லை. கத்திரிக்காயை விட்டுவிட்டு மாத்திரைப் பையைக் கேட்டேன். ஜவுளிக்கடை மஞ்சள் பையைக் கவிழ்த்தால் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிய அட்டைகள். பாதியில் பெயரே இல்லை. ஒன்றின் முதுகில் மட்டும் 'எனலாப்ரில்' என்று படிக்க முடிந்தது. பிரஷர் மாத்திரை. "அதை மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறார்களே, இப்போதா ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்றார் மகன்.

போகும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற 'ப்ரில்' குடும்பத்து மாத்திரைகள் உடலில் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தடுக்கின்றன. அது தேங்குவதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். வெகு சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டை வீங்கும். தொடங்கிய வாரத்திலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். கறாராகச் சொன்னால் இது ஒவ்வாமையே அல்ல. ஒவ்வாமையில் அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமினுக்கு இதில் வேலை இல்லை. அதனால் ஹிஸ்டமினை அடக்கும் அவிலுக்கும் பெரிதாக வேலை இல்லை. வீக்கம் தானாக வந்தது, தானாக வடிந்தது. ஆனால் ஒருமுறை மூச்சுக்குழலை அடைத்துவிட்டால் வடியும்வரை உயிர் காத்திருக்காது. அப்பத்தாவை அப்போதே 108 வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

வயதானவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். சந்தேகம் எப்போதும் கடைசியாக வாயில் போட்டதன் மேல் விழுகிறது. பழைய மாத்திரை வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிடுகிறது. அதை யாரும் விசாரிப்பதில்லை.

புதிய மாத்திரைக்கோ வேறு சமாதானம்: "சூடு." உடம்பெல்லாம் சிவந்தாலும் இளநீரும் சீரகத் தண்ணீரும் கொடுத்து, மாத்திரையையும் தொடர்ந்து கொடுப்பார்கள். யூரிக் ஆசிட்டுக்குத் தரும் அலோபியூரினால், வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபின் போன்றவற்றில் இந்தச் சமாதானம் உயிரை வாங்கிவிடும். இவற்றின் கொடிய ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் தலைகாட்டும். காய்ச்சல், தோல் சிவப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதில் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் அலோபியூரினாலைக் குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். மூட்டு வலியோ வீக்கமோ இல்லாதவருக்கு, ரிப்போர்ட்டில் ஓர் எண் கூடியதற்காக மட்டும் அதை எழுதிக் கொடுப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பழக்கம்.

அரிப்புக்குக் கடையில் வாங்கும் அவில், சிபிஎம் (குளோர்பெனிரமைன்) மாத்திரைகளும் முதியவர்களுக்குச் சாதுவானவை அல்ல. மயக்கம், குழப்பம் வரும். புரோஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இரவில் எழுந்து தடுமாறி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வருபவர்களிடம் முந்தைய நாள் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்பது என் வழக்கம்.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. "எனக்குப் பெனிசிலின் ஆகாது" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். என்ன ஆயிற்று என்று துருவினால், 40 வருஷத்துக்கு முன்பு வெறும் வயிற்றில் ஊசி போட்டுத் தலை சுற்றியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு வரியால் இத்தனை காலமும் வேறு விலை கூடிய மருந்துகளையே வாங்கியிருக்கிறார். உண்மையான பெனிசிலின் ஒவ்வாமை இருப்பவர்களிலும் சுமார் 80 சதவீதம் பேருக்கு 10 ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது. அதற்காக வீட்டில் ஒன்று போட்டுப் பார்த்துவிடாதீர்கள். அது மருத்துவமனையில், அவசர மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை.

ஆகவே "ஊசி ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. கம்பெனி வைத்த பெயர் கடைக்குக் கடை மாறும். மருந்தின் மூலப்பெயர், என்ன செய்தது, எந்த ஆண்டு என்பதுதான் வேண்டும். அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மருந்தால் வந்த கேட்டை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியின் வீட்டாரே மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம்.

அப்பத்தா ஒரு வாரம் கழித்து நடந்தே வந்தார். பிரஷருக்கு வேறு குடும்பத்து மாத்திரை மாற்றியிருந்தார்கள். 'எனலாப்ரில்: நாக்கு வீங்கியது. ப்ரில் என்று முடியும் எதுவும் தரவேண்டாம்' என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சுருக்குப்பையில் பாக்குக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

"அப்போது கத்திரிக்காய்?" என்றார்.

தாராளமாக என்றேன். மருமகள் என்னை நம்பிய மாதிரி தெரியவில்லை.