பைக் சைலன்சரை மாற்றினால் பவர் கூடுமா? குழாய்க்குள் ஓடும் அலையைக் கேளுங்கள்

"பைக்கில் இருக்கும் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம் என்று இருக்கிறேன். ஸ்லிப் ஆன் போதுமா, ஃபுல் சிஸ்டமே போட வேண்டுமா? பவர் நிஜமாகவே கூடுமா? பேக் பிரஷர் குறைந்தால் பிக்கப் போய்விடும் என்று மெக்கானிக் சொல்கிறார், அது உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தானாகவே பிடிபடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மெக்கானிக் கண்டது சரி, சொன்ன காரணம்தான் தவறு. அகலமான குழாயை மாட்டினால் கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள் குறைவாக இருக்கும்போது) இழுவை குறைவது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் பேக் பிரஷர் என்பது வெளியே போகும் புகைக்கு எதிராக நிற்கும் அழுத்தம். பிஸ்டன் அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டேதான் மேலே வர வேண்டும், அந்த உழைப்பு முழுக்க வீண். எந்த எஞ்சினுக்கும் அது தேவையில்லை. தேவை, சரியான நேரத்தில் குழாயிலிருந்து திரும்பி வரும் ஓர் அலை.

உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியேற்று என்ற நான்கு ஸ்ட்ரோக் கதை எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் படத்தில் விட்டுப்போகும் இரண்டு விஷயங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டன் அடிமட்டத்துக்கு வரும்வரை காத்திருப்பதில்லை, கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கணக்கில் சுமார் 50 டிகிரி முன்னதாகவே திறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் புகை மெதுவாக வெளியேறுவதில்லை, வெடித்துக்கொண்டு பாய்கிறது. நம் காதில் விழும் 'டப்' அதுதான். இரண்டு, வெளியேற்றும் வேலை முடிந்து பிஸ்டன் உச்சியில் இருக்கும் சில நொடித்துகள்களுக்கு, புதுக் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்தாற்போலத் திறந்திருக்கும். இதற்கு ஓவர்லாப் என்று பெயர். இந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லாமே இருக்கிறது.

சரி, அந்த 'டப்' குழாய்க்குள் என்ன ஆகிறது? அது ஒரு அழுத்த அலை. புகை என்னும் வாயு நகரும் வேகம் வேறு, அந்த வாயுவுக்குள் அலை ஓடும் வேகம் வேறு. 20 டிகிரி வெப்பமுள்ள காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். சைலன்சர் குழாய்க்குள் வாயு கொதித்துக்கொண்டிருப்பதால் அதே ஒலி நொடிக்கு 550 மீட்டர் அளவில் ஓடுகிறது. வாயு பின்னால் வந்துகொண்டிருக்க, அலை முன்னால் ஓடிக் குழாயின் வாயை அடைந்துவிடுகிறது.

அங்கே நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம். குழாய்க்குள் இருக்கும் வரை, அலையின் முன்னால் இருக்கும் வாயு சுவர்களுக்கு நடுவே அடைபட்டு, தள்ளினால் திருப்பித் தள்ளுகிறது. வாயை எட்டியதும் திடீரென்று எதிர்ப்பு இல்லை, எல்லாப் பக்கமும் வெட்டவெளி. தள்ளிக்கொண்டு வந்த வாயு தன் வேகத்திலேயே தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது, விட்டுச்சென்ற இடத்தில் பற்றாக்குறை. அதை நிரப்ப அடுத்த அடுக்கு வாயு முன்னே வருகிறது, அது நின்ற இடம் காலியாகிறது, அதை நிரப்ப அதற்கடுத்த அடுக்கு... நீளமான வரிசையில் முதலில் நிற்பவர் இரண்டடி நகர்ந்தால் அந்த இரண்டடி இடைவெளி ஒவ்வொருவராகத் தாண்டி வரிசையின் வால்வரை போகுமே, ஆட்கள் முன்னோக்கி நகர, இடைவெளி பின்னோக்கிப் போகும். அதேபோல இந்தப் பற்றாக்குறையும் ஒலியின் வேகத்தில் எஞ்சினை நோக்கித் திரும்பி ஓடுகிறது. போனது அழுத்தம், திரும்பி வருவது உறிஞ்சல். குழாயின் வாயில் எந்த இயந்திரமும் இல்லை, வால்வு இல்லை, வெறும் திறந்தவெளி மட்டும்தான் இதைச் செய்கிறது.

இந்த உறிஞ்சல் ஓவர்லாப் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வை வந்தடைந்தால், சிலிண்டரின் மூலையில் மிச்சமிருக்கும் எரிந்த புகையை வெளியே இழுக்கும், அதோடு நிற்காமல் திறந்திருக்கும் இன்டேக் வால்வு வழியாகப் புதுக் காற்றையும் உள்ளே இழுக்கத் தொடங்கும். பிஸ்டன் இன்னும் கீழே இறங்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் சிலிண்டர் நிரம்பத் தொடங்கிவிடும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். குழாய் 1 மீட்டர் என்றால் அலை போய்த் திரும்ப 2 மீட்டர், 550 மீட்டர் வேகத்தில் அதற்கு 3.6 மில்லிநொடி. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததிலிருந்து ஓவர்லாப்பின் நடுவரை கிராங்க் சுமார் 230 டிகிரி சுற்ற வேண்டும். எஞ்சின் 10,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது அந்த 230 டிகிரிக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய 3.6 மில்லிநொடிதான். ஆக இந்தக் குழாய் 10,500-க்கு டியூன் ஆனது, புல்லாங்குழலின் நீளம் ஒரு சுரத்துக்கு டியூன் ஆனதைப் போலவே.

இப்போது அதில் பாதி, 5,250-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்லாப் வருவதற்கு 7.3 மில்லிநொடி இருக்கிறது, அதற்குள் அலை ஒன்றல்ல, இரண்டு நடை போய்வந்துவிடும். முதல் நடையில் உறிஞ்சலாக வந்து வால்வுப் பக்கம் மோதித் திரும்பிய அலை, திறந்த வாயை மறுபடி தொட்டதும் மறுபடி மாறுகிறது; உறிஞ்சல் இப்போது அழுத்தம். சரியாக ஓவர்லாப் நேரத்தில் அது வால்வில் வந்து மோதி எரிந்த புகையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளுகிறது. த்ராட்டிலைத் திருகியும் பைக் ஒரு கணம் யோசிப்பதுபோலத் தயங்கும், பிறகு திடீரென்று பிய்த்துக்கொண்டு போகும். அந்தத் தயக்கத்தைப் பல வருடங்களுக்கு முன் நான் அனுபவித்திருக்கிறேன். அகலமான ஒரு குழாயை ஆசையாக மாட்டிவிட்டு, மேட்டில் ஏறும்போதெல்லாம் கார்புரேட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மூன்று முறை மாற்றினேன். குழாயின் நீளமும் அகலமும்தான் காரணம் என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

அகலத்தின் பங்கு எளிது. குழாய் அகலமானால் அலை நீர்த்துப்போகும், வாயுவின் வேகமும் குறையும். வேகமாக ஓடும் வாயு தன் பின்னால் உண்டாக்கும் இழுப்பும் அதோடு குறையும். உயர் ஆர்பிஎம்மில் புகையின் அளவு அதிகம், அகலம் உதவும். கீழே உதவாது. 'பேக் பிரஷர் வேண்டும்' என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்தது: குறுகலான குழாயில் பிக்கப் நன்றாக இருந்தது, அடைப்புதான் நல்லது செய்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அலையை வைத்து உச்சம் தொட்டவர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர், கையில் பெரிய வசதி எதுவும் இல்லாமல், 1950-களில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் குழாயை ஆராய்ந்துகொண்டே இருந்தார். இந்த வகை டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது, வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். அவர் மெருகேற்றியது வயிறு பெருத்து வால் சிறுத்த ஒரு குழாய். அதில் விரியும் பகுதி முதலில் உறிஞ்சலை அனுப்பிப் புகையை இழுக்கும். அதன்பின் குறுகும் பகுதி அழுத்தத்தைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடிய புதுக் கலவையைத் துளை மூடுவதற்குள் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லை. அதே ஆண்டு அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் கிராண்ட் பிரியின்போது மேற்குக்குத் தப்பிச் சென்றார், அறிவு அவரோடு சுசுகிக்குப் போனது, 1962-ல் சுசுகி வண்டியில் 50 சிசி உலகச் சாம்பியன் ஆனார். ஒரு தகரக் குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் திறந்த குழாய், மூடிய குழாய் என்று இரண்டு படமாகச் சுருங்கி மனப்பாடமாகிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். இதைச் செய்துகாட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயும் ஒரு மைக்கும் வாங்க எந்தப் பள்ளிக்கும் பெரிய நிதி தேவையில்லை.

இப்போது கடைக்குப் போகலாம். ஸ்லிப் ஆன் என்பது பின்பகுதியை மட்டும் மாற்றுவது, ஃபுல் சிஸ்டம் என்பது எஞ்சினில் சேரும் பெண்ட் பைப்பிலிருந்து எல்லாவற்றையும். குழாய் சைலன்சரின் பெரிய டப்பாவுக்குள் நுழையும் இடத்தையே அலை பெரும்பாலும் 'திறந்த வாய்' என்று எடுத்துக்கொள்கிறது, அதனால் அதற்குப் பின்னால் எதை மாட்டினாலும் டியூனிங் அதிகம் மாறாது. ஸ்லிப் ஆன் மட்டும் மாற்றியவர்களுக்குச் சத்தமும் எடையும் மாறி, பவர் பெரிதாக மாறாமல் இருப்பது இதனால்தான். பவர் மாற வேண்டுமென்றால் முன்குழாயின் நீளமும் அகலமும் மாற வேண்டும், அப்படி மாறினால் எரிபொருள் அளவையும் ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) திருத்தியாக வேண்டும். இன்னொன்று, ஃபுல் சிஸ்டத்தில் பல சமயம் கேட்டலிடிக் கன்வர்ட்டரே காணாமல் போகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு, கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பெருமளவு மாற்றிவிடுகிறது. மேல்முனையில் கொஞ்சம் பவருக்காக அதைத் தூக்கி எறிவது எனக்கு உடன்பாடில்லை, பின்னால் வருகிறவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

குழாய் எந்த உலோகத்தில் என்றால், துருப்பிடிக்காத எஃகு சாலை உபயோகத்துக்குப் போதும். டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், எஃகுக்கு 7.9 பக்கம், எடையில் லாபம் உண்மைதான். அதன் நீலமும் ஊதாவும் பெயின்ட் அல்ல, சூட்டில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் சோப்புக் குமிழியைப் போல ஒளியைப் பிரிப்பது.

சத்தம் பற்றி. 10 டெசிபல் கூடினால் ஒலியின் திறன் 10 மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'சத்தமாக இருந்தால் பாதுகாப்பு' என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். 1981-ல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, பைக் விபத்துகளில் முக்கால் பங்குக்கு மேல் ஆபத்து நேர் முன்னாலிருந்து இரு பக்கமும் 45 டிகிரிக்குள்தான் இருந்தது என்று கண்டது. சைலன்சரின் வாய் பார்ப்பது பின்பக்கம். நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் குழாயின் திசை மாறாது. மாற்றுச் சைலன்சர்களுக்கென்றே ஐநாவின் 92-ஆம் ஒழுங்குமுறை இருக்கிறது, அதன் ஒப்புதல் முத்திரை பொறித்ததாகத் தேடுங்கள். சத்தத்தைக் குறைக்க உள்ளே செருகியிருக்கும் டிபி கில்லரைக் கழற்றாதீர்கள்.

கேட்டவருக்கு என் பதில்: தினசரி ஓட்டத்துக்கு என்றால் கன்வர்ட்டரைத் தொடாத ஸ்லிப் ஆன், பழைய குழாயின் அதே உள்விட்டத்தில். வாங்குமுன் உச்ச பவரை மட்டும் கேட்காமல் முழு டார்க் வளைகோட்டை (எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு இழுவை என்று காட்டும் கோட்டை) காட்டச் சொல்லுங்கள், நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஆர்பிஎம்மில் அது பள்ளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மாட்டும்போது இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். த்ராட்டிலை விட்டதும் பட் பட்டென்று வெடித்தால் முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள்: குழாய்க்குள் புகைதானே வெளியே கசியும் என்று தோன்றும், ஆனால் உறிஞ்சல் அலை கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது, எரியாமல் வந்த பெட்ரோல் அதோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்கிறது.