ஒரு கப் மாவில் எவ்வளவு மாவு இருக்கிறது?

மைதா டப்பாவுக்குள் 240 மில்லி கப்பை நேராக விட்டு அள்ளி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டுத் தராசில் வைத்தபோது, கப்பின் எடை போக 146 கிராம் காட்டியது. அதே மாவைச் சலித்து, கரண்டியால் மெல்லத் தூவி அந்தக் கப்பையே நிரப்பியபோது 114 கிராம்தான் நின்றது. 32 கிராம் மாவு இருந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது.

தண்ணீர், எண்ணெய் போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. அவை இடைவெளியின்றி நிரம்புவதால், மில்லிலிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் எடை வந்துவிடும்: 100 மில்லி தண்ணீர் ஏறத்தாழ 100 கிராம், பால் 103, சமையல் எண்ணெய் 92. சர்க்கரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.59 கிராம் என்றாலும், கப்பில் கொட்டிய சர்க்கரை ஏறத்தாழ 0.85 கிராம்தான் தேறும். காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த இரண்டாவது எண்ணைக் குவியல் அடர்த்தி எனலாம். கப்பைக் கிராமாக மாற்றித் தரும் பட்டியல்கள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611-இல் ஊகித்தார். அதற்கான நிரூபணத்தைக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல்தான் முன்வைத்தார். அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதம் வரை போகும். தூளுப்பும் சர்க்கரையும் அதற்குச் சற்றுக் கீழே, பாதியைத் தாண்டி நிற்கின்றன. மைதாவோ கப்பில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் நிரப்புகிறது.

இதற்குக் காரணம் துகளின் அளவு. ஒரு துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் அண்டைத் துகளோடு அதை ஒட்டவைக்கும் வான்டெர்வால்ஸ் விசை பத்தில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே பொடி நுணுக்கமாக ஆக ஆக, எடையைவிட ஒட்டும் விசையின் கை ஓங்குகிறது. அரிசி தன் கனத்தால் உருண்டு குழியில் போய் உட்காரும்; மாவுத்துகளோ விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வளைவு கட்டி, அடியில் வெற்றிடத்தைக் காத்து நிற்கும். கப்பைத் தட்டினால் அந்த வளைவுகள் உடைந்து மாவு இறங்கும், சலித்தால் மறுபடி கட்டிக்கொள்ளும்.

1896-இல் வெளிவந்த தம் சமையல் நூலில், கப்பையும் கரண்டியையும் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர் வற்புறுத்தினார். மேலே குவிவது அதனால் ஒழிந்தது. உள்ளே இருக்கும் காற்றைக் கத்தியால் வழிக்க முடியாதே! போதாததற்குக் கப்பும் ஊருக்கு ஊர் வேறு: அமெரிக்காவில் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180.

நம் வீடுகளில் ஆழாக்கும் டம்ளரும் இவ்வளவு காலம் காலை வாராமல் இருந்ததற்கு, அளந்தவை பெரும்பாலும் முழுத் தானியங்கள் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். அரிசிக்கும் உளுந்துக்கும் குவியல் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றே என்பதால், இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று ஆழாக்கில் போட்டாலும் தராசில் போட்டாலும் விகிதம் அவ்வளவாக மாறாது. முறுக்குக்கு வரும்போதுதான் சிக்கல். ‘சலித்த அரிசி மாவு நாலு கப்’ என்பதும் ‘நாலு கப் அரிசி மாவைச் சலித்து’ என்பதும் வெவ்வேறு எடைகள்; வெண்ணெயையும் தண்ணீரையும் மாற்றாமல் விட்டால் ஒன்றில் மாவு தளர்ந்துபோகும், மற்றதில் பிழியும்போது கை வலிக்கும்.

என் சமையல் குறிப்பேட்டில் மாவு வரும் இடங்களையெல்லாம் கிராமாக மாற்றி எழுதிவிட்டேன். இட்லி அரிசி இன்னும் ஆழாக்கில்தான் இருக்கிறது.