தடுப்பூசி: ஊசி இல்லாத தடுப்பூசியும், தடுப்பூசி அல்லாத ஊசியும்

“இந்தத் தடுப்பூசியை வாய்வழியாக மட்டுமே கொடுக்கவும். ஊசியாகப் போடக் கூடாது.”

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கான மருந்தின் தமிழ்க் குறிப்பு ஒன்று திருத்துவதற்காக என்னிடம் வந்தபோது இந்த இரண்டு வரிகளைத் தாண்ட முடியவில்லை. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் முதல் வரி ஊசி என்கிறது, இரண்டாம் வரி ஊசி கூடாது என்கிறது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கும் தாய் இதில் எதை எடுத்துக்கொள்வார்? அவசரத்தில் இருக்கும் செவிலியர் முதல் சொல்லை மட்டும் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? இது வீண் பயமில்லை. வாயில் விட வேண்டிய ரோட்டா மருந்தைத் தவறுதலாக ஊசியில் ஏற்றிப் போட்ட நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன. ‘வாக்சின்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஊசி என்ற பேச்சே கிடையாது. அங்கேயே அப்படி நடந்திருக்கிறது. நம் சொல்லிலோ ஊசி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

தடுப்பு + ஊசி = தடுப்பூசி. நிலைமொழியின் கடைசி உகரம் கெட்டு, பின்னால் வரும் ஊகாரம் அந்த இடத்தில் ஏறிக்கொள்கிறது. நாவுக்கு இணக்கமான, அழகான புணர்ச்சி. வழக்கில் இந்தச் சொல் ஊன்றியதற்கு இந்த ஓசையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பொருளை மட்டும் பார்த்தால், நோயைத் தடுப்பதற்காகப் போடும் ஊசி. அதாவது சொல் பெயரிடுவது கருவிக்கு, உள்ளே இருக்கும் பொருளுக்கு அல்ல.

‘வாக்சின்’ என்ற சொல்லின் கதை வேறு. லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. ‘வாக்சினஸ்’ என்றால் பசுவுக்குரியது. 1796 மே 14 அன்று இங்கிலாந்தின் பெர்க்லியில் எட்வர்ட் ஜென்னர், சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். ஜூலை மாதம் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. 1798இல் வெளியிட்ட நூலில் பசு அம்மைக்கு அவர் தந்த லத்தீன் பெயர் ‘வரியோலே வாக்சினே’, அதாவது பசுவின் அம்மை. இதிலிருந்துதான் 1800இல் ரிச்சர்ட் டன்னிங் என்ற அறுவை மருத்துவர் ‘வாக்சினேஷன்’ என்ற சொல்லை உருவாக்கினார்.

அந்த நாளில் அதன் பொருள் மிகக் குறுகியது. பெரியம்மையைத் தவிர வேறெதற்கும் அது பொருந்தாது. 1881இல் லண்டனில் நடந்த உலக மருத்துவ மாநாட்டில், வேறு நோய்களுக்கான இப்படிப்பட்ட மருந்துகளுக்கும் அதே பெயரை வைப்போம், அது ஜென்னருக்கு நாம் செய்யும் மரியாதை என்று லூயி பாஸ்டர் முன்மொழிந்தார். அன்றிலிருந்து பசுவோடு எந்த உறவும் இல்லாத மருந்துகளும் பசுவின் பெயரைச் சுமக்கின்றன. இன்னும் ஒன்று. 1902இல் அமெரிக்காவில் தயாரான பெரியம்மை மருந்தின் மரபணுவைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. உள்ளே இருந்த வைரஸ் குதிரையம்மை வைரஸுக்குத்தான் மிக நெருக்கமாக இருந்தது. பசுவுக்கு இந்த அம்மை குதிரையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஜென்னரே நம்பினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சொல்லுக்குள் பசு நிற்கிறது. புட்டிக்குள் இருந்ததோ குதிரையின் உறவு.

தமிழில் இது முதலில் ‘அம்மை குத்துதல்’ என்றே வழங்கியது. குத்தி ஏற்றிய நீருக்கு ‘அம்மைப்பால்’ என்று பெயர். இந்தப் பாலைப் பசும்பாலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கள்ளிப்பால், ஆலம்பால், எருக்கம்பால் என்று கீறினால் ஊறி வருவதையெல்லாம் நாம் பால் என்றுதான் சொல்கிறோம். கொப்புளத்தைக் கீறினால் ஊறும் நீர் அம்மைப்பால். எவ்வளவு கச்சிதமான சொல்! எதிலிருந்து எடுத்தது, எப்படி இருக்கும் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ‘வாக்சின்’ போலவே இதுவும் பொருளின் பிறப்பிடத்தைச் சொல்லும் பெயர். 1980இல் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகு ‘அம்மை குத்துதல்’ வழக்கிலிருந்து மறைந்தது. அம்மைப்பாலும் கூடவே போய்விட்டது. இழப்புதான், ஆனால் திரும்பக் கொண்டுவர முடியாது. இளம்பிள்ளைவாதத்துக்கான மருந்தை அம்மைப்பால் என்று எப்படி அழைப்பது?

போன பிறகும் அது ஒரு சிக்கலை விட்டுச் சென்றிருக்கிறது. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை (பொன்னுக்கு வீங்கி), ஜெர்மன் அம்மை என்கிற ரூபெல்லா ஆகிய எல்லாவற்றையும் தமிழ் ஒரே குடும்பமாக்கி வைத்திருக்கிறது. வைரஸ்களைப் பார்த்தால் அப்படி இல்லை. சின்னம்மையைத் தருவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். அதற்கும் பெரியம்மை வைரஸுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தட்டம்மையும் புட்டாளம்மையும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள். ரூபெல்லா தனிக் குடும்பம். “அம்மைத் தடுப்பூசிதான் போட்டாச்சே, அப்புறம் எப்படிங்க பிள்ளைக்கு அம்மை வந்துச்சு?” என்று பெற்றோர் மனம் நொந்து கேட்பது இதனால்தான். குழந்தைக்குப் போட்டது எம்.எம்.ஆர். அது தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கானது. வந்திருப்பதோ சின்னம்மை. அதற்கு வேறு மருந்து, வேறு தவணை. அட்டையில் ‘அம்மை ஊசி’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு எந்த அம்மை என்று எழுதினாலே இந்த மனக்குறை பாதி தீரும்.

இந்த மருந்துகளின் மூல வைரஸ்களுக்கும் பிறப்பிடத்தைச் சொல்லும் பெயர்கள்தான். தட்டம்மை மருந்தின் மூலம் ‘எட்மன்ஸ்டன்’. 1954இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்கு அருகே தட்டம்மையோடு இருந்த டேவிட் எட்மன்ஸ்டன் என்ற மாணவனிடமிருந்து ஜான் எண்டர்ஸ் குழு பிரித்தெடுத்தது. புட்டாளம்மைக்கு ‘ஜெரில் லின்’. 1963இல் தன் மகள் கழுத்து வீங்கிக் கிடந்தபோது மாரிஸ் ஹில்லமன் அவள் தொண்டையைத் துடைத்தெடுத்த வைரஸ் அது. சின்னம்மைக்கு ‘ஓக்கா’, ஒரு ஜப்பானியக் குழந்தையின் குடும்பப் பெயர். ஒரு குழந்தையின் நோயே பல கோடிக் குழந்தைகளுக்குக் காவலாயிற்று. அம்மைப்பாலைப் போன்ற பெயரிடல் இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

இனி ஊசிக்கு வருவோம். இளம்பிள்ளைவாதத்துக்கு ஜோனஸ் சால்க் தந்த மருந்து 1955இல் வந்தது. அது ஊசி. சில ஆண்டுகளில் ஆல்பர்ட் சேபின் தந்தது வாயில் விடும் சொட்டு. இரண்டும் வாக்சின்தான். சேபினுடையதைத் தமிழர்கள் தயங்காமல் ‘சொட்டு மருந்து’ என்றார்கள். நாவில் விழுந்ததைக் கண்ணால் பார்த்து வைத்த பெயர். நல்ல பெயரும்கூட. ஆனால் அதை ஒரு வாக்சின் என்று வகைப்படுத்த வேண்டி வந்ததும் எழுதுகிறவர்கள் ‘போலியோ தடுப்பூசிச் சொட்டு மருந்து’ என்று திணறினார்கள்.

ரோட்டாவும் அப்படியே. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் உடன் பணியாற்றியவர்களும், வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது இந்த வைரஸைக் கண்டார்கள். ஆரங்களும் வட்டையும் தெரிகிற சிறு சக்கரம் போல இருந்ததால், சக்கரத்துக்கான லத்தீன் சொல்லான ‘ரோட்டா’வே பெயராயிற்று. குடலின் உட்சுவர்தான் அது தாக்கும் இடம். வீரியம் குறைத்த வைரஸ் அதே வழியாக உள்ளே போய், அதே சுவரில் கொஞ்சம் பெருகி, அங்கேயே காவலை எழுப்ப வேண்டும். வாய்வழி என்பது குழந்தை அழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அல்ல, மருந்து வேலை செய்யும் வழியே அதுதான். அதனால்தான் அந்தக் குறிப்பின் முதல் வரி எனக்கு உறுத்தியது.

இந்தச் சொல் தனக்குரியதை வெளியே தள்ளுவதோடு நிற்பதில்லை, தனக்குரியதல்லாததையும் உள்ளே விடுகிறது. பிறந்த குழந்தைக்கு ரத்தக் கசிவு வராமலிருக்க வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். தடுப்பதற்காகப் போடும் ஊசிதான், ஆனால் வாக்சின் இல்லை. மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. (ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்) விஷயத்தில் இந்தக் குழப்பம் முற்றுகிறது. இதைச் சிலர் ‘சுவாச ஒத்திசைவு வைரஸ்’ என்று எழுதுகிறார்கள். இது பிழை. பெயரில் உள்ள ‘சின்சிஷியல்’ என்ற சொல், வைரஸ் தொற்றிய செல்கள் பக்கத்துச் செல்களோடு இணைந்து பல உட்கரு கொண்ட ஒரே திரளாவதைக் குறிக்கிறது. ஒத்திசைவுக்கு அங்கே வேலையில்லை. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொற்றிவிடும் வைரஸ் இது. சிறு கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரை போகும்.

1960களின் பிற்பகுதியில் இதற்கொரு மருந்தை, வைரஸை ஃபார்மலின் என்ற வேதிக் கரைசலில் செயலிழக்க வைத்துச் செய்து பார்த்தார்கள். போட்டுக்கொண்ட குழந்தைகள் பிறகு வைரஸ் தொற்றியபோது மற்றக் குழந்தைகளைவிட மோசமாக நோயுற்றார்கள். தொற்றியவர்களில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இரண்டு குழந்தைகள் இறந்தனர். ஊசி இருந்தது, தடுப்பு இல்லை. உடல் கற்றுக்கொண்டது தவறான பாடம். செல்களை இணைக்கும் வைரஸ் புரதம் செல்லோடு சேர்வதற்கு முன் ஒரு வடிவத்திலும் சேர்ந்த பின் வேறு வடிவத்திலும் இருக்கும். வைரஸை மடக்க வேண்டுமானால் உடல் முந்தைய வடிவத்தை அடையாளம் காணப் பழக வேண்டும். அந்த வடிவத்தின் கட்டமைப்பு 2013இல்தான் தெரிந்தது. பத்தாண்டுகளில் கர்ப்பிணிகளுக்கான வாக்சின் வந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் குழந்தைகளுக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் ஊசியும் வந்தது. முதலாவது தாயின் உடலை எதிர்ப்பொருள், அதாவது வைரஸை மடக்கும் புரதம், செய்யப் பழக்குகிறது. அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சேர்கிறது. இரண்டாவது, ஆய்வகத்தில் செய்து முடித்த எதிர்ப்பொருளையே குழந்தைக்குத் தருகிறது. குழந்தையின் உடல் எதையும் கற்பதில்லை. கொடுத்தது கரையும்வரை சில மாதங்கள் காவல். இது வாக்சின் அல்ல. ஆனால் ‘தடுப்பூசி’ என்ற சொல்லின் நேர்ப்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்தும் இல்லை.

ஆகவே நான் கடைப்பிடிப்பது இது. வாக்சின் என்ற பொதுப்பொருளுக்குத் ‘தடுப்பு மருந்து’ என்று எழுதுகிறேன். மருந்து என்றால் நோய் வந்தபின் தருவது என்ற எண்ணம் இருப்பதும், இந்தச் சொல் கொஞ்சம் அகலமானது என்பதும் தெரியும். இருந்தாலும் அது யாரையும் தவறான வழியில் மருந்தை ஏற்ற வைக்காது. உண்மையிலேயே ஊசியாக இருந்தால் ‘தடுப்பூசி’ தாராளமாக வரட்டும். தட்டம்மைத் தடுப்பூசி என்பதில் எந்தக் குறையும் இல்லை; ஊன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டிய தேவையும் இல்லை. வாய்வழி கொடுப்பது ‘சொட்டு மருந்து’. கொடுக்கும் செயலுக்குத் ‘தடுப்பு மருந்து ஏற்றுதல்’. உடலில் விளைவதற்குத் ‘தடுப்பாற்றல்’. இந்த இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது, ஏற்றிய அன்றே ஆற்றல் வந்துவிடுவதில்லை. நிர்செவிமாப் போன்றவற்றுக்கு ‘எதிர்ப்பொருள் ஊசி’.

அந்தக் குறிப்பை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: “ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து. வாயில் மட்டும் விடவும். ஊசியில் ஏற்றக் கூடாது.” ஆர்.எஸ்.வி. பற்றிய பக்கத்தில் ‘தடுப்பூசி போட்டாயிற்றா?’ என்று ஒரே கட்டம் இருந்தது. அதை இரண்டாகப் பிரித்தேன்: ‘கர்ப்பத்தின்போது தாய்க்குத் தடுப்பூசி, தேதி’, ‘குழந்தைக்கு எதிர்ப்பொருள் ஊசி, தேதி’. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டில் ஒன்று போதும். எது போட்டது என்று தெரிந்தால்தான் மற்றது வேண்டுமா என்று மருத்துவர் சொல்ல முடியும்.