நாலு எலுமிச்சம்பழம் வச்சாச்சு, வயர யாரு பாத்தாங்க?

குடியாத்தத்துல எங்க அக்கா பையன் புது கார் எடுத்தான். பூஜை போட்டு நாலு டயருலயும் எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு நேரா எனக்கு போன். "மாமா, வீட்ல உக்காந்துக்கினே போன்ல கார் ஏசிய போடறேன், இதே மாதிரி வேற எவனாவது போட்டா இன்னா பண்றது?"

போடலாம்டா. 2015ல அமெரிக்காவுல சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக்னு ரெண்டு கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காரங்க வீட்ல லேப்டாப்போட உக்காந்துக்கினு, ஹைவேல ஓடிக்கினு இருந்த ஜீப் செரோக்கியோட ஆக்சிலேட்டர செயலிழக்க வச்சாங்க. கம்பெனி 14 லட்சம் வண்டிய திரும்பக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. நுழைஞ்சது சிம் நெட்வொர்க் வழியா, பாட்டுப் பொட்டிக்குள்ள.

பாட்டுப் பொட்டிக்கும் ஆக்சிலேட்டருக்கும் இன்னா சம்பந்தம்? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் வருது, கேன் பஸ் (CAN bus). ஓடற பஸ் இல்ல, காருக்குள்ள சேதி போற வயரு. பாஷ் கம்பெனி 1986ல கொண்டாந்தது. முறுக்கின ரெண்டே வயரு, இன்ஜின், பிரேக், ஜன்னல் கண்ணாடின்னு எல்லா கம்ப்யூட்டரும் அதுலதான் பேசணும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல வாய தெறந்தா? 0ன்னா வயர இழுத்துப் புடிக்கறது, 1ன்னா கைய விட்டுடறது. ஒருத்தன் இழுக்கறான், ஒருத்தன் விட்டுட்டான்னா இழுத்தது தான நிக்கும். ஒவ்வொரு சேதியும் 0, 1ஆ எழுதின ஒரு நம்பர்ல ஆரம்பிக்கும், அவசர சேதிக்கு சின்ன நம்பரு, அனுப்பறவன் அனுப்பிக்கினே வயரயும் கவனிப்பான், நான் 1 போட்டேன், வயர்ல 0 தெரியுதேன்னா "சரி, என்னவிட அவசரக்காரன் பேசறான்"னு அந்த நொடியே வாய மூடிக்குவான். பேசறவனோட சேதில ஒரு புள்ளி கூட கெடாது, நேரமும் வீணாகாது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுல கத்தற கண்டக்டருங்களுக்கு இந்தப் பழக்கம் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!

ஆனா ஒரு ஓட்டை. அந்த நம்பரு "இது பிரேக் சேதி"ன்னு சொல்லுமே தவிர யாரு அனுப்புனான்னு சொல்லாது. எவன் பேசினாலும் நம்பும். ஜீப்ல பாட்டுப் பொட்டிக்கும் அந்த வயருக்கும் நடுவுல இருந்த சிப்போட சாஃப்ட்வேர மாத்தி எழுதி மில்லரும் வலாசெக்கும் அந்த வயர்ல பேசிட்டாங்க, அவ்ளோதான். இப்ப வண்டிய ஹேக்கருங்ககிட்டேர்ந்து காப்பாத்தணும்னு சொல்ற ஐ.நா.வோட ஆர்155 விதி, ஐரோப்பாவுல 2024 ஜூலைலேர்ந்து எல்லா புது வண்டிக்கும் கட்டாயம், நம்மூருக்கும் இதே மாதிரி ஏஐஎஸ்-189னு ஒண்ணு எழுதியிருக்காங்க.

திருடன விடுங்க, கம்பெனியே பாக்கறது தனிக் கதை. ஜெனரல் மோட்டார்ஸ் 3 செகண்டுக்கு ஒருவாட்டி கூட லொக்கேஷன் எடுத்து, ஓட்டற விதத்தையும் சேத்து வித்துச்சுன்னு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரில புடிச்சுச்சு. நம்ம 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சம்மத நோட்டீஸ தமிழ்லயும் கேக்கலாம், அந்தப் பகுதி அமலுக்கு வர 2025 நவம்பர்லேர்ந்து 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. எலுமிச்சம்பழத்துக்கு நல்ல நேரம் பாத்தவன், "ஒத்துக்கறேன்" பட்டன படிக்காமலே அமுக்கிட்டான்.

நான் மட்டும் ஒழுங்கா? காட்பாடில செகண்ட் ஹேண்ட் கார் வாங்குனப்போ பழைய ஓனரோட போன்புக்கு அப்படியே உள்ள இருந்துச்சு. 'மாமியார் வீடு', 'வட்டி அண்ணன்', 'வட்டி அண்ணன் 2'. ஒரு வாரம் கழிச்சுதான் ரீசெட் பண்ணேன்.