குவாரன்டைன்: நாற்பதில் பிறந்த சொல்

சிட்னியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, துறைமுக வாயிலில் கடலுக்குள் நீண்டு நிற்கும் நோர்த் ஹெட் முனைக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கு அப்படியொரு குளிர்ச்சி. ஆனால் 1830கள் தொடங்கி 1984 வரை, தொற்று இருக்குமோ என்று சந்தேகப்பட்ட கப்பல்களின் பயணிகளை இறக்கி மறித்து வைத்தது அங்கேதான். முதலாம் வகுப்புக்கு ஒரு விடுதி, மூன்றாம் வகுப்புக்கு இன்னொன்று, ஆசியருக்கு வேறு. நோய்க்குத் தெரியாத வகுப்பு! நாளை எண்ணிக் காத்திருந்தவர்கள் மணற்கல்லில் கப்பல் பெயரையும் ஆண்டையும் செதுக்கியிருக்கிறார்கள். இப்போது அது ஹோட்டல்.

"இந்தக் குவாரன்டைனுக்குத் தமிழ் என்ன, மாமா?" என்றாள் மருமகள். "தனிமைப்படுத்தல்" என்றேன். "அது ஐசொலேஷன் இல்லையா?" என்று மடக்கிவிட்டாள்.

குவாரந்தா என்றால் இத்தாலிய மொழியில் நாற்பது. கொள்ளைநோய்க்குப் பயந்து 1377இல் ரகூசா நகரம், அதாவது இன்றைய டுப்ரோவ்னிக், வெளியூராரை 30 நாள் ஒதுக்கி வைத்தது. அப்புறம் அது நாற்பதானது; வெனிஸ்காரரின் பேச்சிலிருந்து சொல் உலகம் சுற்றியது. நாள் எண்ணி ஒதுங்கியிருப்பது நமக்கும் புதிதல்ல. பிள்ளை பிறந்த வீட்டில் துடக்குக் கழிய 31 நாள். பக்கத்து ஊர் முஸ்லிம் வீடுகளில் நாற்பது.

மருமகள் கேட்டது சரிதான். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளரை வைத்தார்களே, அது நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது. 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை மட்டக்களப்பு மாவட்டத்துப் புணானையில் 14 நாள் வைத்தது வேறு: வருத்தம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவர்கள். முதலாவதுக்குத் தனிமைப்படுத்தல் பொருந்தும். இரண்டாவதுக்கு ஒட்டவில்லை. பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்கினால் அதில் என்ன தனிமை? இறக்குமதியாகும் செடியையும் இப்படித்தான் மறித்து வைக்கிறார்கள். செடிக்கு ஏது தனிமை?

"தடுத்துவைப்பு" நேரான சொல்தான். ஆனால் தடுப்பு என்றதும் எங்கள் பக்கத்தில் முகாமும் முள்கம்பியும் ஞாபகத்துக்கு வரும், வேண்டாம். "தொற்றுத்தடைக்காப்பு" என்றொரு சொல் இருக்கிறது. பொருள் சரி, வாய்க்குத்தான் நீளம். நடுவிலுள்ள தடையை எடுத்துவிட்டு, "புணானையில் 14 நாள் தொற்றுக்காப்பில் இருந்தார்" என்று எழுதிப் பார்த்தேன். உறுத்தவில்லை. மருமகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.