30க்கு 25 என்றால் மறதி நோயா?

முழு உடல் பரிசோதனையோடு நினைவாற்றல் சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்வது பெருகி வருவதால், எந்தத் தொந்தரவும் இல்லாத ஐம்பது வயதுக்காரர்கள்கூட மதிப்பெண் தாளும் கையுமாக என்னிடம் வருகிறார்கள். 30க்கு 25 என்றால் டிமென்ஷியா தொடங்கிவிட்டதா என்பதே பெரும்பாலோரின் கேள்வி. எந்தச் சோதனையில் 25 என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது.

1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் வெளியிட்ட எம்.எம்.எஸ்.இ. சோதனையில், தேதியையும் இடத்தையும் சொல்வது, மூன்று சொற்களை நினைவுகூர்வது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது போன்றவை கேட்கப்படும். 24க்குக் கீழே போனால்தான் பொதுவாகக் கவலைப்படுவோம். படித்த, ஆரோக்கியமான ஒருவருக்கு இது மிக எளிது. ஆகவே 25 பெறும் பட்டதாரியைத் 'தேறிவிட்டார்' என்று அனுப்பிவிட எனக்கு மனம் வராது.

கனடாவில் நஸ்ரெடின் குழுவினர் 2005இல் வெளியிட்ட மோகா என்ற சோதனை இதைவிடக் கடினமானது. ஐந்து சொற்களைச் சில நிமிடங்கள் கழித்துச் சொல்ல வேண்டும். எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்க வேண்டும். பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரைய வேண்டும். அவசரத்தில் இரு முட்களையும் ஒரே நீளத்தில் வரைவோர் உண்டு, அது பெரிய விஷயமல்ல. நிமிட முள்ளை 2க்குப் பதிலாக 10ஐ நோக்கித் திருப்பினால்தான் நான் கூர்ந்து கவனிப்பேன். லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரை மோகாவும், 18 விழுக்காட்டினரை மட்டுமே எம்.எம்.எஸ்.இ.யும் கண்டறிந்ததாக அந்த முதல் ஆய்வு கூறியது. ஆனால் அதே ஆய்வில் ஆரோக்கியமானவர்களிலும் 13 விழுக்காட்டினர் மோகாவின் 26 என்ற எல்லைக்குக் கீழே விழுந்தனர். 2011இல் வெளியான டாலஸ் மக்கள்தொகை ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த எல்லையைத் தொடவில்லை. அவர்கள் அத்தனை பேருக்கும் நோய் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இதில் கல்வியின் பங்கு பெரிது. பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு மோகா ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்று, பென்சிலைத் தொட்டே பல ஆண்டுகளான ஒருவரை கனசதுரம் வரையச் சொல்லிவிட்டு ஒரே ஒரு மதிப்பெண் கூட்டுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவற்ற முதியோருக்காக 1990களில் இந்தி மொழியில் தனிச் சோதனை உருவாக்கப்பட்டது இந்தச் சிக்கலால்தான். மூன்று நிமிடத்தில் முடியும் மினி-காக் என்ற சிறு சோதனை, கூட்டம் மிகுந்த கிளினிக்குகளுக்கு ஏற்றது. நுண்ணிய மாற்றம் அதில் தெரியாது.

அறிகுறி ஏதுமற்ற முதியோரை இத்தகைய சோதனைகளால் சலித்தெடுப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2020இல் அறிவித்தது. நானும் அறிகுறியற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. மாறாக, கட்டிய மின்கட்டணத்தையே மறுபடி கட்டப் போகிறார், பழகிய தெருவில் தடுமாறுகிறார் என்று வீட்டார் சொன்னால், 29 வாங்கியவரையும் விரிவான பரிசோதனைக்கு அனுப்புவேன்.

குறைந்த மதிப்பெண்ணோடு வருபவரிடம் முதலில் காது சரியாகக் கேட்கிறதா, கண்ணாடி அணிந்திருந்தாரா, முந்தைய இரவு தூங்கினாரா, தூக்க மாத்திரை எடுக்கிறாரா, மனச்சோர்வு உண்டா என்று விசாரித்து, தைராய்டு, பி12 அளவுகளையும் பார்க்கச் சொல்கிறேன். சில மாதங்கள் கழித்துச் செய்யும் மறுசோதனைக்கு வேறு சொற்கள் கொண்ட மாற்றுப் படிவத்தையே பயன்படுத்த வேண்டும். பழைய படிவத்தையே நீட்டினால், அந்த ஐந்து சொற்களையும் வீட்டில் உருப்போட்டு வந்தவர் முழு மதிப்பெண்ணோடு திரும்பிப் போய்விடுவார்.